மோட்டார் டிரைவை மாட்பஸ் நெட்வொர்க்கில் சேர்ப்பது எப்படி: வயரிங் முதல் கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பது வரை

திரையில் வேகம் தெரிகிறது, ஸ்டார்ட் கொடுத்தால் ஓடுகிறது, ஸ்டாப் கொடுத்தால் நிற்கிறது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் நெட்வொர்க்கில் வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டு கிளம்புவதுதான் வழக்கம். நானும் அப்படிக் கிளம்பியவன்தான். ஒரு கன்வேயரை அப்படி முடித்துக்கொடுத்த நான்காம் நாள், பேனலுக்குள் வேறு ஏதோ வேலை பார்த்தவரின் கை பட்டு கம்யூனிகேஷன் கேபிள் கழன்றுவிட்டது. கன்வேயர் நிற்கவில்லை. ஆபரேட்டர் திரையில் ஸ்டாப்பை அழுத்துகிறார், மறுபடியும் அழுத்துகிறார், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் எமர்ஜென்சி ஸ்டாப்பைத் தட்டித்தான் நிறுத்தினார்கள்.

டிரைவ் மேல் தப்பே இல்லை. அதற்குக் கடைசியாக வந்த கட்டளை ‘ஓடு’. அதன் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை, அது ஓடியது. பேச்சு நின்றுபோனால் என்ன செய்வது என்று நான்தான் அதற்குச் சொல்லிவைக்கவில்லை. அன்றிலிருந்து எந்த டிரைவை இணைத்தாலும், ஓட வைப்பதைப் பாதி வேலையாகத்தான் கணக்கு வைக்கிறேன். இந்த வழிகாட்டியிலும் மறு பாதிக்குச் சமமாக இடம் உண்டு.

எடுத்துக்கொள்ளும் அமைப்பு எளியது: ஒரு மூன்று ஃபேஸ் இண்டக்ஷன் மோட்டார், அதை வேகம் மாற்றி ஓட்டும் விஎஃப்டி டிரைவ், கட்டளை கொடுக்கும் பிஎல்சி (இயந்திரத்தை நடத்தும் சின்னக் கணினி), இடையில் ஆர்எஸ்-485 கேபிளில் (ஒரே ஜோடி சிக்னல் வயரில் பல கருவிகள் பேசும் முறை) மாட்பஸ் ஆர்டியு. மாட்பஸ் என்பது மோடிகான் நிறுவனம் தன் பிஎல்சிகளுக்காக 1979-இல் வெளியிட்ட, கருவிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறை. இன்றும் சின்ன டிரைவ்கள் பெரும்பாலானவற்றில் தனி கார்டு எதுவும் வாங்காமலே கிடைக்கிறது. மாஸ்டர் (இங்கே பிஎல்சி) கேட்கும், ஸ்லேவ் (இங்கே டிரைவ்) பதில் சொல்லும், கேட்காமல் ஸ்லேவ் வாயைத் திறக்காது. மொத்த விதியும் இதுதான். உங்களிடம் இருப்பது வேறு நெட்வொர்க்குகளான ப்ரொஃபிநெட்டோ கேன்ஓப்பனோ என்றால் வயரிங் பகுதி மாறும். கட்டளை எங்கிருந்து வருகிறது, கண்ட்ரோல் வேர்டு (ஓடு, நில் என்று டிரைவுக்குச் சொல்லும் எண்) என்ன, தொடர்பு அறுந்தால் என்ன என்ற கேள்விகள் அப்படியேதான் இருக்கும்.

படி 1: நெட்வொர்க்கை மறந்துவிட்டு கீபேடில் ஓட்டுங்கள்

அவசரப்பட்டு கம்யூனிகேஷன் பாராமீட்டருக்குப் போகாதீர்கள். மோட்டார் ஒழுங்காக ஓடவில்லை என்றால் அது நெட்வொர்க் கோளாறா, மோட்டார் கோளாறா என்று பிரித்துப் பார்க்கவே அரை நாள் போய்விடும்.

மோட்டார் நேம்பிளேட்டில் இருக்கும் வோல்டேஜ், கரண்ட், ஃப்ரீக்வென்சி, ஆர்பிஎம், கிலோவாட் ஆகிய ஐந்தையும் டிரைவில் ஏற்றுங்கள். ஸ்டார், டெல்டா இணைப்பு டிரைவின் அவுட்புட் வோல்டேஜுக்குப் பொருந்துகிறதா என்று மோட்டார் டெர்மினல் பெட்டியைத் திறந்தே பாருங்கள். நேம்பிளேட்டில் 230/400 என்று இருக்கும் மோட்டாரை 400 வோல்ட் டிரைவில் ஸ்டாரில்தான் கட்ட வேண்டும். அப்புறம் ஆட்டோ டியூனிங், அதாவது டிரைவே மோட்டாரை அளந்து தன்னைச் சரிசெய்துகொள்வது. சுழற்றிச் செய்யும் டியூனிங் என்றால் லோடைக் கழற்றிவிடுவது நல்லது. கழற்ற முடியாத இடத்தில் நின்றபடியே செய்யும் டியூனிங்கைத் தேர்ந்தெடுங்கள்.

கீபேடில் 5 ஹெர்ட்ஸ் வைத்து ஓட்டிப் பாருங்கள். திசை தவறாக இருந்தால் டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையிலுள்ள மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை மாற்றுங்கள். சப்ளை பக்கம் மாற்றிப் பயனில்லை. உள்ளே வரும் ஏசி முதலில் டிசி ஆகிவிடுவதால் ஃபேஸ் வரிசை அங்கேயே தொலைந்துபோகிறது. அனுபவமுள்ளவர்கள்கூட இதில் ஒரு தடவையாவது ஏமாந்திருப்பார்கள்.

டெர்மினலில் கை வைக்கும் முன் ஒன்று. மெயினை அணைத்தாலும் டிரைவுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் உயிரைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவின் மேலேயே ஒட்டியிருப்பார்கள். அந்த நேரம் கழிந்த பிறகும் டிசி பஸ் டெர்மினலில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். டிஸ்ப்ளே அணைந்துவிட்டது என்பதை வைத்து எதையும் நம்பக் கூடாது.

படி 2: வயரிங்

ஆர்எஸ்-485 பஸ்ஸில், அதாவது எல்லாக் கருவிகளும் பகிரும் இணைப்பில், கேபிள் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். நடுவில் ஒரு ஜங்ஷன் பெட்டி வைத்து அங்கிருந்து நாலு பக்கமும் பிரித்தால், பார்க்க அழகாக இருக்கும், வேலை செய்யும்போது காலை வாரும். ஷீல்டு போட்ட, முறுக்கிய ஜோடிக் கேபிள், அதுவும் 120 ஓம் இம்பிடன்ஸ் உள்ளது, எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண டிரான்ஸீவர் (சிக்னலை அனுப்பி வாங்கும் சிப்) என்றால் ஒரு பஸ்ஸில் 32 கருவிகள் வரை தாங்கும். குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகலாம்.

சிக்னல் வயர் இரண்டோடு மூன்றாவதாக காமன் வயரும் வேண்டும். ‘இரண்டு வயர் போதும்’ என்று சொல்பவர்கள் நிறைய. மேசை மேல் வைத்துப் பார்க்கும்போது போதும்தான். ஆனால் ரிசீவர் தாங்கும் பொது வோல்டேஜ் -7-இலிருந்து +12 வோல்ட் வரைதான். தூரத்திலிருக்கும் இரண்டு பேனல்களின் எர்த் இடையே அதைத் தாண்டிய வித்தியாசம் வருவது அபூர்வமல்ல. அப்போது டேட்டா கெடும், சில நேரம் போர்ட்டே போய்விடும்.

சிக்னல் வயர்களுக்கு வைத்திருக்கும் ஏ, பி என்ற பெயர்களை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் ஏ, இன்னொரு கம்பெனியின் பி. மாட்பஸ் ஆவணத்தில் டி0, டி1 என்று பெயர் வைத்ததால் மூன்றாவது குழப்பமும் சேர்ந்தது. நல்ல செய்தி என்னவென்றால், மாற்றிக் கட்டினால் எதுவும் எரியாது, பேசாது, அவ்வளவுதான். தொடர்பு கிடைக்கவில்லை என்றால் இரண்டையும் மாற்றிப் பார்ப்பது அரை நிமிட வேலை. மீட்டர் கையில் இருந்தால் இன்னும் சுலபம்: பஸ்ஸில் யாரும் பேசாத நேரத்தில் இரண்டு வயருக்கும் இடையே டிசி வோல்டேஜ் பாருங்கள். ப்ளஸ்ஸாக இருப்பது டி1. அந்த வோல்டேஜ் 0.2-க்குக் கீழே இருந்தால் பயாஸ் (யாரும் பேசாதபோது வயர்களை ஒரு நிலையில் பிடித்துவைக்கும் வோல்டேஜ்) போதவில்லை என்று அர்த்தம். பல மாஸ்டர்களில் பயாஸ் ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கும், ஒரு சுவிட்ச் போட்டால் இணைந்துவிடும். ஒரு பஸ்ஸுக்கு ஒரே இடத்தில் பயாஸ் இருந்தால் போதும்.

டெர்மினேஷன் ரெசிஸ்டர் (முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுப்பது) இரண்டு முனைகளிலும் 120 ஓம், நடுவில் எங்கும் கூடாது. இதைச் சரிபார்க்க எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டு இரண்டு சிக்னல் வயருக்கும் இடையே ஓம் பாருங்கள். 60-க்குப் பக்கத்தில் வந்தால் சரி. 120 காட்டினால் ஒரு முனையில் விட்டுப்போயிருக்கிறது. ஒரு முறை எனக்கு 40 காட்டியது. 120-ஐ மூன்றால் வகுத்தால் 40, அப்படியானால் மூன்றாவது ரெசிஸ்டர் எங்கோ ஒளிந்திருக்கிறது. தேடிப் பார்த்தால், வரிசையின் நடுவிலிருந்த ஒரு டிரைவின் டெர்மினேஷன் டிப் சுவிட்ச் பெட்டியிலிருந்து வரும்போதே ஆன் நிலையில் இருந்திருக்கிறது. ஒவ்வொரு டிரைவையும் பேனலில் மாட்டுவதற்கு முன்பே அந்தச் சுவிட்சைப் பார்த்துவிடுங்கள். மாட்டிய பிறகு அது எப்போதும் கை போகாத பக்கத்தில்தான் இருக்கும்.

பல டிரைவ்களில் கம்யூனிகேஷனுக்கு ஆர்ஜே-45 சாக்கெட் இருக்கும். பார்த்தால் ஈத்தர்நெட் மாதிரியே இருக்கும், ஆனால் ஆர்எஸ்-485. சில டிரைவ்களில் கீபேடுக்கான பவர் சப்ளையும் அதே சாக்கெட்டின் ஒரு பின்னில் வரும். அதை நேராக ஈத்தர்நெட் சுவிட்சில் சொருகினால் என்ன ஆகும் என்று பரிசோதிக்க வேண்டாம். மாட்பஸ் ஆவணப்படி 4-ஆவது பின் டி1, 5-ஆவது டி0, 8-ஆவது காமன். உங்கள் டிரைவ் அதைப் பின்பற்றுகிறதா என்பது அதன் மானுவலுக்குத்தான் தெரியும்.

இரைச்சல் விஷயம். மோட்டார் கேபிள்தான் பேனலில் இருக்கும் பெரிய ரேடியோ ஸ்டேஷன். கம்யூனிகேஷன் கேபிளை அதிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி இழுங்கள். குறுக்கே போயே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடந்து போகட்டும். மோட்டார் கேபிளின் ஷீல்டை இரண்டு முனையிலும், கிளாம்ப் போட்டு முழுச் சுற்றும் தொடும்படி எர்த் செய்யுங்கள். ஷீல்டை ஒரு நீள வால் போல முறுக்கி எர்த் ஸ்க்ரூவில் கட்டுவது உயர் அதிர்வெண்ணுக்குக் கட்டாததற்குச் சமம். கம்யூனிகேஷன் கேபிளின் ஷீல்டை மாட்பஸ் ஆவணம் ஒவ்வொரு கேபிளிலும் ஒரு முனையில் எர்த் செய்யச் சொல்கிறது. டிரைவ் மானுவல் வேறு மாதிரி சொன்னால் மானுவல் சொல்வதைச் செய்யுங்கள்.

படி 3: முகவரியும் வேகமும்

இது சின்ன வேலை. ஒவ்வொரு டிரைவுக்கும் 1-இலிருந்து 247-க்குள் ஒரு முகவரி, ஒன்றுக்கொன்று மாறாக. 0 என்பது எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லும் முகவரி, அதைத் தொடாதீர்கள். பாட் ரேட் (வினாடிக்கு எத்தனை பிட்), பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்), ஸ்டாப் பிட் (பைட் முடிந்ததைச் சொல்லும் பிட்) மூன்றும் பஸ்ஸிலுள்ள எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மாட்பஸ் ஆவணம் ஈவன் பாரிட்டியை இயல்பாகச் சொல்கிறது. நடைமுறையில் பாதிப் பேர் பாரிட்டி இல்லாமல் வைத்திருப்பார்கள். எது என்பதைவிட எல்லோரும் ஒன்றே என்பதுதான் முக்கியம்.

புதிய டிரைவ்களெல்லாம் பெரும்பாலும் முகவரி 1-உடன்தான் வரும். எல்லாவற்றையும் பஸ்ஸில் மாட்டிவிட்டு ஒரேயடியாக மின்சாரம் கொடுத்துக் கேட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள், உங்களுக்குக் குப்பைதான் வரும். ஒவ்வொன்றாக ஆன் செய்து கீபேடில் முகவரியை மாற்றுங்கள். பல டிரைவ்களில் பாட் ரேட் மாற்றம் அணைத்து ஆன் செய்த பிறகுதான் அமலுக்கு வரும்.

படி 4: பிஎல்சிக்கு முன் லேப்டாப்

யுஎஸ்பி-ஆர்எஸ்485 கன்வெர்ட்டர் ஒன்றும், மாட்பஸ் மாஸ்டராக நடிக்கும் ஒரு மென்பொருளும் இருந்தால் பிஎல்சி புரோகிராம் எழுதுவதற்கு முன்பே டிரைவுடன் பேசிவிடலாம். கன்வெர்ட்டர் ஐசொலேஷன் (இரு பக்கத்துக்கும் நேரடி மின் இணைப்பு இல்லாத அமைப்பு) உள்ளதாக இருக்கட்டும். இல்லையென்றால் லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள்.

முதலில் வெறும் வாசிப்பு. ஓட்டவே வேண்டாம். டெல்டா நிறுவனத்தின் சிறிய டிரைவ்கள் பலவற்றில் ரெஜிஸ்டர் (எண் சொல்லிப் படிக்கும், எழுதும் நினைவிடம்) அமைப்பு எளிமையாக இருக்கும் என்பதால் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்: ஹெக்ஸ் (16-ஐ அடியாகக் கொண்ட எண் முறை) 2000 கட்டளைக்கு, 2001 ஃப்ரீக்வென்சிக்கு, 2103 இப்போதைய அவுட்புட் ஃப்ரீக்வென்சிக்கு. வேறு டிரைவ் என்றால் எண்கள் மாறும். 1-ஆம் டிரைவிடம் அவுட்புட் ஃப்ரீக்வென்சியைக் கேட்கும் ஃப்ரேம் (ஒரு தடவை அனுப்பும் பைட் வரிசை) இது:

01 03 21 03 00 01

01 முகவரி, 03 ‘ஹோல்டிங் ரெஜிஸ்டரைப் படி’ என்ற ஃபங்ஷன், 2103 எங்கிருந்து, 0001 எத்தனை. கடைசியில் பிழை பார்க்கும் இரண்டு பைட் எண்ணான சிஆர்சியை மென்பொருளே சேர்த்துக்கொள்ளும். மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தால் பதில் இப்படி வரும்:

01 03 02 13 88

02 என்றால் இரண்டு பைட் தகவல் பின்னால் வருகிறது. ஹெக்ஸ் 1388 என்பது 5000. இந்த ரெஜிஸ்டரின் அலகு 0.01 ஹெர்ட்ஸ் என்பதால் 50.00 ஹெர்ட்ஸ். அலகை மானுவலில் பார்க்காமல் ஊகித்தால் பத்து மடங்கு தப்பு நடக்கும், அது பத்து மடங்கு வேகமாகவும் இருக்கலாம்.

பதிலே வரவில்லையா, அல்லது பதிலில் 03 இருக்க வேண்டிய இடத்தில் 83 இருக்கிறதா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பதிலே இல்லையென்றால் வயர், முகவரி, பாட் ரேட், பாரிட்டி, இந்த நான்கில் ஒன்று. 83 வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். வயரிங் சரி, செட்டிங்கும் சரி, டிரைவ் உங்கள் கேள்வியைப் புரிந்துகொண்டு மறுக்கிறது. அடுத்த பைட் காரணத்தைச் சொல்லும்: 01 என்றால் அந்த ஃபங்ஷன் அதற்குத் தெரியாது, 02 என்றால் அப்படியொரு ரெஜிஸ்டர் இல்லை, 03 என்றால் கொடுத்த மதிப்பு எல்லைக்கு வெளியே.

02 வந்தால் பெரும்பாலும் ஒன்று தள்ளிப்போன கணக்கு. ஃப்ரேமில் போகும் முகவரி 0-இலிருந்து தொடங்கும். மானுவல்களும் பிஎல்சிகளும் பல நேரம் 40001-இலிருந்து எண்ணும். ஹெக்ஸ் 2000 என்பது 8192, அதே ரெஜிஸ்டர் 4-இல் தொடங்கும் எண்ணிக்கையில் 48193. சில மென்பொருள் 8192 கேட்கும், சில 8193 கேட்கும், சில 48193 கேட்கும். மூன்றும் ஒன்றுதான். பக்கத்து ரெஜிஸ்டரும் இருக்கும்பட்சத்தில் பிழை வராது, தவறான மதிப்பு அமைதியாக வந்து உட்காரும். அது 02 பிழையைவிட மோசம். அதனால் கீபேட் டிஸ்ப்ளேவில் தெரியும் மதிப்போடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஒரு ரெஜிஸ்டரை நம்புங்கள்.

படி 5: கட்டளை யாருடையது

வாசிப்பு வேலை செய்கிறது, எழுதினால் டிரைவ் அசையவில்லை. இந்த இடத்தில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். டிரைவில் இரண்டு தனித்தனி பாராமீட்டர்கள் உண்டு. ஸ்டார்ட்-ஸ்டாப் கட்டளை எங்கிருந்து வரும் என்பது ஒன்று, வேகம் எங்கிருந்து வரும் என்பது மற்றொன்று. இரண்டையுமே கம்யூனிகேஷனுக்கு மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் டிரைவ் ‘ரன்’ என்று காட்டும், வேகம் 0 ஹெர்ட்ஸில் நிற்கும். அல்லது வேகக் கட்டளை ஏறும், ஸ்டார்ட் ஆகாது.

அதோடு பராமரிப்புக்காக லோக்கல், ரிமோட் சுவிட்ச் ஒன்று வைத்துவிடுங்கள். டிரைவின் டிஜிட்டல் இன்புட் ஒன்றை அதற்கு ஒதுக்கினால் போதும். இரவில் பிஎல்சி படுத்துவிட்டால் இயந்திரத்தை நகர்த்த வழி வேண்டும். லோக்கலில் இருக்கிறதா ரிமோட்டில் இருக்கிறதா என்பது பிஎல்சிக்கும் தெரிய வேண்டும்.

படி 6: கண்ட்ரோல் வேர்டு

மேலே சொன்ன டெல்டா அமைப்பில் முதலில் வேகம்: 01 06 20 01 02 58. ஹெக்ஸ் 258 என்றால் 600, அதாவது 6.00 ஹெர்ட்ஸ். பிறகு 01 06 20 00 00 12 என்று அனுப்பினால் முன்னோக்கி ஓடும், 00 01 என்று முடித்து அனுப்பினால் நிற்கும். ஃபங்ஷன் 06-க்கு (ஒரு ரெஜிஸ்டரில் எழுது) நாம் அனுப்பியதையே டிரைவ் திருப்பி அனுப்பும். ஃப்ரேம் வந்து சேர்ந்தது என்பதற்குத்தான் அந்த எதிரொலி, மோட்டார் ஓடியது என்பதற்கு அல்ல. ஓடியதா என்று ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைத்தான் கேட்க வேண்டும்.

ப்ரொஃபிடிரைவ் என்ற கட்டளை வழிமுறையைத் தழுவிய டிரைவ்கள் இத்தனை எளிதில் மசியாது. அவற்றில் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு வேலை. ஒரேயடியாக ‘ஓடு’ என்றால் கேட்காது. முதலில் 1150, பிறகு 1151 அனுப்ப வேண்டும். இந்த எண்கள் மந்திரம் போலத் தோன்றும், பிரித்துப் பார்த்தால் புரிந்துவிடும். 1024 என்பது பிட் 10: ‘இந்தக் கட்டளை பிஎல்சியிலிருந்துதான் வருகிறது, மதித்து நட’ என்று பொருள். 126 என்பது பிட் 1 முதல் 6 வரை ஆன்: ஆஃப் கட்டளை எதுவும் இல்லை, ஆப்பரேஷனுக்கு அனுமதி உண்டு, ரேம்ப் (வேகம் படிப்படியாக ஏறி இறங்குவது) செயல்படலாம். இரண்டையும் கூட்டினால் 1150. அதோடு பிட் 0 சேர்ந்தால் 1151, இதுதான் ஆன். பிட் 0 பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு மாறும் அந்த விளிம்பைத்தான் டிரைவ் பார்க்கிறது. அதனால்தான் நேராக 1151-ஐ மட்டும் அனுப்பினால் பலவற்றில் எதுவும் நடக்காது. ஃபால்ட் ரீசெட் பிட் 7, அதாவது 1150-உடன் 128 கூட்டி 1278, அதுவும் விளிம்புதான். அனுப்பிவிட்டு மறுபடி 1150-க்கு இறக்கிவிடுங்கள்.

வேகத்தின் அளவும் இங்கே ஹெர்ட்ஸில் இருக்காது. சீமென்ஸ் டிரைவ்களில் 16384 என்றால் 100 சதவீதம், ஏபிபி டிரைவ்ஸ் ப்ரொஃபைலில் 20000. எதன் 100 சதவீதம் என்பது டிரைவில் இருக்கும் ரெஃபரன்ஸ் பாராமீட்டரைப் பொறுத்தது. கேன்ஓப்பனில் கதை இதேதான், எண்கள் மட்டும் வேறு: 6, 7, 15 என்று மூன்று படியாக ஏற வேண்டும்.

படி 7: பிஎல்சி புரோகிராம்

ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. ஒன்றுக்குப் பதில் வந்த பிறகு, அல்லது நேரம் கடந்த பிறகுதான் அடுத்தது. இதற்கு வரிசை எண் வைத்துச் சுற்றிவரும் ஒரு சின்ன ஸ்டெப் லாஜிக் போதும்.

எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். 9600 பாட்டில் ஒரு பைட் 11 பிட் என்றால் சுமார் 1.15 மில்லிசெகண்ட். கேள்வி 8 பைட், 9 மில்லிசெகண்ட். ஒரு ரெஜிஸ்டர் பதில் 7 பைட், 8 மில்லிசெகண்ட். ஃப்ரேம்களுக்கு நடுவே 3.5 பைட் மௌனம், 4 மில்லிசெகண்ட். டிரைவ் யோசிக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு பரிமாற்றத்துக்கு 30 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 டிரைவ், ஒவ்வொன்றுக்கும் ஒரு படிப்பு, ஒரு எழுத்து என்றால் 600 மில்லிசெகண்ட். ஸ்டாப் அழுத்தி அரை வினாடிக்கு மேல் கழித்து டிரைவுக்குத் தெரிவது உங்கள் இயந்திரத்துக்குப் பரவாயில்லையா? பரவாயில்லை என்றால் சரி. இல்லையென்றால் பாட் ரேட்டை ஏற்றுங்கள், பக்கத்துப் பக்கத்து ரெஜிஸ்டர்களை ஃபங்ஷன் 16-ஆல் ஒரே ஃப்ரேமில் எழுதுங்கள்.

ஒரு டிரைவ் அணைந்துகிடந்தால் அதற்காகக் காத்திருக்கும் நேரமும் இதில் சேரும். டைம்அவுட் 1 வினாடி, மூன்று முயற்சி என்று விட்டுவைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் 3 வினாடி எல்லோரும் சும்மா நிற்பார்கள். அந்த மூன்று வினாடியில் மற்ற டிரைவ்கள் ‘மாஸ்டர் செத்துவிட்டார்’ என்று முடிவு செய்து டிரிப் ஆகிவிடும், அதாவது ஃபால்ட் காட்டி நின்றுவிடும். ஒன்றை அணைத்தால் ஒன்பதும் நிற்கும் அதிசயம் இப்படித்தான் நடக்கிறது. டைம்அவுட்டை 100 மில்லிசெகண்ட் அளவுக்குக் குறையுங்கள். தொடர்ந்து பதில் சொல்லாத டிரைவை வரிசையிலிருந்து விலக்கி, சில வினாடிக்கு ஒருமுறை மட்டும் தட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. ஆக்சிலரேஷன் நேரம் போன்ற பாராமீட்டர்களை ஒவ்வொரு சுற்றிலும் எழுதாதீர்கள். பல டிரைவ்களில் அது நிரந்தர நினைவகத்தில் போய் உட்காரும், அதற்கு எழுத்து எண்ணிக்கையில் வாழ்நாள் உண்டு. ஒரு லட்சம் முறை தாங்கும் நினைவகத்தில் வினாடிக்கு ஒரு தடவை எழுதினால் 28 மணி நேரத்துக்குள் கணக்கு தீர்ந்துவிடும். மதிப்பு மாறும்போது மட்டும் எழுதுங்கள்.

படி 8: பேச்சு நின்றால் என்ன

இப்போது என் கன்வேயருக்கு வருவோம். டிரைவில் இரண்டு பாராமீட்டர்கள் தேட வேண்டும்: எத்தனை வினாடி ஃப்ரேம் வராவிட்டால் தொடர்பு அறுந்ததாகக் கொள்வது, அப்போது என்ன செய்வது. முதலாவது பல டிரைவ்களில் 0 என்று வரும். 0 என்றால் உடனே என்று அர்த்தமல்ல, கண்காணிப்பே இல்லை என்று அர்த்தம். என் கன்வேயரில் அதுதான் இருந்தது.

நேரத்தை மேலே போட்ட சுற்று நேரத்தைப் போல மூன்று மடங்காவது வையுங்கள். 600 மில்லிசெகண்ட் சுற்றுக்கு 2 வினாடி சரியாக வரும். இதைவிடக் குறைத்தால் ஓரிரு ஃப்ரேம் கெட்டதற்கெல்லாம் டிரிப் ஆகும். பிறகு எரிச்சலில் யாராவது திரும்ப 0 ஆக்கிவிடுவார்கள்.

என்ன செய்வது என்பதற்குப் பொது விடை கிடையாது, இயந்திரத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கன்வேயர், மிக்சர் என்றால் ரேம்ப்பில் இறங்கி நின்று ஃபால்ட் காட்டட்டும். சூட்டைத் தணிக்கும் ஃபேன், குளிர்நீர் பம்ப் என்றால் நிற்பதுதான் ஆபத்து. கடைசி வேகத்தில் தொடரட்டும், எச்சரிக்கை மட்டும் வரட்டும். சுமை தூக்கும் இயந்திரம் என்றால் பிரேக் எப்போது விழும் என்பதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

இதை எமர்ஜென்சி ஸ்டாப்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நெட்வொர்க் வழியே போகும் ஸ்டாப் வசதிக்கானது, பாதுகாப்புக்கானது அல்ல. எமர்ஜென்சி ஸ்டாப் தனி வயரில், டிரைவின் எஸ்டிஓ (சேஃப் டார்க் ஆஃப்) டெர்மினலுக்கோ காண்டாக்டருக்கோ சேஃப்டி ரிலே வழியாகப் போக வேண்டும். எஸ்டிஓ மோட்டாரின் டார்க்கை, அதாவது சுழற்றும் விசையைத்தான் எடுக்கும், மின்சாரத்தைத் துண்டிக்காது. அதை அழுத்திவிட்டு டெர்மினல் பெட்டியைத் திறக்கக் கூடாது.

படி 9: பிடுங்கிப் பாருங்கள்

இயந்திரத்தில் லோடு இல்லாமல், குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, எமர்ஜென்சி ஸ்டாப் அருகில் ஒருவரை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

டிரைவ் பக்கம் கேபிளைப் பிடுங்குங்கள். நீங்கள் வைத்த நேரத்தில் நிற்க வேண்டும். திரும்பச் சொருகுங்கள். தானாக ஓடத் தொடங்கினால் அது தோல்வி. பிஎல்சியில் தொடர்புப் பிழை வந்தவுடன் ரன் கட்டளை விழுந்துவிட வேண்டும், ஆபரேட்டர் ரீசெட் செய்து மறுபடி ஸ்டார்ட் கொடுத்தால்தான் ஓட வேண்டும். அடுத்து பிஎல்சியை ஸ்டாப் மோடுக்கு மாற்றிப் பாருங்கள், பிறகு அதன் பவரை அணைத்துப் பாருங்கள். டிரைவ் பவரை அணைத்து ஆன் செய்து, தானாக எழுந்து ஓடவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

நடுவில் கேட்வே (ஒரு நெட்வொர்க்கை இன்னொன்றோடு இணைக்கும் கருவி) இருந்தால் அதன் பிஎல்சி பக்கக் கேபிளைத் தனியாகப் பிடுங்குங்கள். இந்தச் சோதனையை விட்டுவிடுபவர்கள் அதிகம். சில கேட்வேக்கள் பிஎல்சியிடமிருந்து கடைசியாக வந்த மதிப்பை நினைவில் வைத்துக்கொண்டு டிரைவுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். டிரைவைப் பொறுத்தவரை ஃப்ரேம் வருகிறது, எல்லாம் நலம், டைம்அவுட் வராது. பிஎல்சியோ செத்துக் கிடக்கும். கேட்வேயில் மேல்பக்கத் தொடர்பு அறுந்தால் பூஜ்யத்தை அனுப்பு, அல்லது அனுப்புவதை நிறுத்து என்ற செட்டிங் இருக்கும். அதைத் தேடிப் போடுங்கள்.

மோட்டார் நிற்கும்போது ஒழுங்காகப் பேசி, ஓடத் தொடங்கியதும் பிழை எண்ணிக்கை ஏறுகிறது என்றால் புரோகிராமில் தேடாதீர்கள். அது இரைச்சல். படி 2-இல் சொன்ன தூரம், ஷீல்டு, காமன் வயர் மூன்றையும் பாருங்கள். டிரைவின் கேரியர் ஃப்ரீக்வென்சியை (அது உள்ளே சுவிட்ச் செய்யும் வேகம்) கொஞ்சம் குறைத்தாலும் தணியும், மோட்டாரின் கீச்சொலி கூடும். முழு வேகத்தில், முழு லோடில் ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு பிஎல்சியில் பிழை கவுண்டரைப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் டிரைவின் பாராமீட்டர்களைக் கீபேடிலோ கணினியிலோ நகலெடுத்து வையுங்கள். டிரைவ் எரிந்து புதிது மாட்டுபவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள். அவர் முகவரி, பாட் ரேட், பாரிட்டி எல்லாம் போட்டு ஓட வைத்துவிடுவார், டைம்அவுட் மட்டும் 0-இலேயே இருந்துவிடும். அதனால் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டும் தாளில் முகவரிக்குக் கீழேயே டைம்அவுட் எத்தனை வினாடி, அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதி ஒட்டுங்கள்.